பங்காளிகளுக்குச் சொல்லாத உறுமல்

ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வந்தால் காது கெட்டுப்போகும் என்று எச்சரித்தார்கள். எனக்கு முதலில் கெட்டது வயிறு. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் பக்கவாட்டு அறைகள் இரண்டில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். பிள்ளையார்பட்டிக் கடைகளில் ஓடும் பக்திப் பாடல், நகைக்கடையின் ஆடித் தள்ளுபடி அறிவிப்பு, பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. மாவு மில், தையல் மெஷின், நாட்டிய வகுப்பு என்று அடுத்தவர் கட்டடத்தில் சத்தம் போட்டுப் பிழைக்கிற அன்பர்களே, என் நிலைமையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே, புகார்தான் வருகிறது என்று அடிவயிறு கலங்கும்.

என் கலக்கத்துக்கு உங்களைவிடக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வேறொரு இசை செய்கிறோம். ஒரு பக்கம் வயலின், செல்லோ என்று வாத்தியக் கூட்டம். இன்னொரு பக்கம் காது கிழியும் கிட்டார், இரண்டு காலாலும் மிதித்து அடிக்கிற டிரம், அதன் மேல் தொண்டைக்கு அடியிலிருந்து வரும் உறுமல். வெளிநாட்டில் இதற்கு சிம்பொனிக் மெட்டல் என்று பெயர். கொஞ்சம் முற்றினால் சிம்பொனிக் டெத் மெட்டல். எங்களுடையது நன்றாகவே முற்றியது. இசை அமைப்பதும் கிட்டாரும் நான். டிரம், டூவீலர் மெக்கானிக் அருள். உறுமல், மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாச்சியாபுரத்து சிவகாமி.

வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவானது. பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மீதிப் பேர் இதே தெருவில். சாவி உமையாள் ஆச்சியிடம். ஆச்சி என்றதும் தள்ளாத வயது என்று நினைக்க வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர், பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவைக் கட்டி மேய்க்கிறவர். ஓர் ஓட்டல்காரர் அந்த வீட்டைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். வீடு ஓட்டலானால் முதலில் வெளியே போவது நான். ஆச்சி ஒருவர்தான் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு புகார் போதும், அவர் வாயும் அடைத்துவிடும்.

உள்ளே இருக்கும் பெரியவர்

பிள்ளையார்பட்டியில் பூஜைப் பொருள் கடை வைத்திருப்பவர் ஒருவர், தானே எழுதிய விநாயகர் பாட்டைப் பதிவு செய்ய வந்திருந்தார். சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டார். உள்ளே சிவகாமி குரல் பதிவில் இருந்தாள். சத்தம் வெளியே போகாத கதவுதான். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஒரு வயர் இடுக்கில் மாட்டி, கதவு முழுதாகச் சாத்தவில்லை. நான் வெளியே வந்தபோது மனிதர் நாற்காலி நுனியில், பாட்டுக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். "தம்பி, உள்ள இருக்கிறவரை முதல்ல கவனிச்சு அனுப்புங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

அவர் போய் ஆச்சியிடம் சொன்னால் என் கதை முடிந்தது. குரல் பயிற்சி, அது இது என்று ஏதோ உளறினேன். அதற்குள் சிவகாமி கைத்தறிச் சேலையும் சாப்பாட்டுப் பையுமாக வெளியே வந்து, அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மக போயிருச்சு. அந்தப் பெரியவரு இன்னும் உள்ளதான இருக்காரு?"

வயலின்தான், ஆச்சி

எங்கள் பெரிய பாட்டு ஒரு கண்மாயைப் பற்றியது. தூர்த்து வீடு கட்டிய இடத்துக்கு, ஒரு மழைக்காலத்தில் கண்மாய் திரும்பி வருகிறது. கண்மாயின் குரல் சிவகாமி. வீடுகளுக்குள் இருப்பவர்களின் நடுக்கம் வயலின்கள். அதுவரை வயலினைக் கீபோர்டில்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அருள் கேட்டுவிட்டு, ஊதுபத்தி விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றான். கோபம் வந்தது. திரும்பப் போட்டுக் கேட்டேன். ஊதுபத்தி மணக்கத்தான் செய்தது.

நிஜ வயலின் வேண்டும், அதை வாசிக்க நிஜக் கூடம் வேண்டும். கூடம் என் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தது. வீட்டின் பெரிய ஹாலில் நின்று ஒரு தரம் கை தட்டினால், அந்தச் சத்தம் வழுவழுப்பான சுவர்களைத் தொட்டுத் தொட்டு நிதானமாக மேலே போய் அடங்கும். காசு கொட்டிக் கட்டினாலும் கிடைக்காத எதிரொலி. ஆச்சியிடம் போய் நின்றேன். என்ன பாட்டு என்று கேட்டார். "வயலின்தான், ஆச்சி. மதுரையில சர்ச்சுல வாசிக்கிறவங்க வாராங்க. கூட ஒரு பிள்ளை குரல் குடுக்கும்" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனாலும் பொய் சொன்னவனுக்கு வேர்க்கிற மாதிரி வேர்த்தது.

ஆச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நல்லாச் செய்ங்க தம்பி. ஆனா ஒரு குத்தம் வந்துறக் கூடாது. ஓட்டலுக்குக் குடுப்போமுன்னு எல்லாரும் நிக்கிறாக. நான்தான் உங்களை நல்ல பிள்ளையின்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

மூச்சு விடும் இடம்

மதுரை வயலின் குழுவுக்குத் தலைவர் ஞானராஜ் வாத்தியார். நோட்ஸை முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். உடனே போன் வந்தது. வேகம் போட்டிருக்கிற இடத்தில் ஏதோ அச்சுப்பிழை போலிருக்கிறது என்றார். பிழையில்லை, அதுதான் வேகம் என்றேன். மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

இவர் வர மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். எப்படியும் வரப்போவதில்லை, முழுதாகவே சொல்லிவிடலாம் என்று உறுமலைப் பற்றியும் சொன்னேன். ஒரு பெண் அடித்தொண்டையில் உறுமுவாள், அது கண்மாய், அவள் அதே ஹாலில் நின்று உங்களோடு சேர்ந்தே உறுமுவாள், அந்த உறுமல் உங்கள் மைக்கிலும் விழ வேண்டும் என்றெல்லாம் கொட்டித் தீர்த்தேன். போனை வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்துக்கொண்டேன். வைக்கவில்லை.

"யாரு பாடுறாங்க, எதுக்குப் பாடுறாங்க எல்லாம் சொல்லிட்டீங்க. எந்த இடத்துல மூச்சு விடுவாங்கன்னு சொல்லுங்க, நாங்களும் அங்க விட்டுக்கிறோம்."

பெரிய கதவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் சரியாக இருந்தது. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. கிட்டாரும் டிரம்மும் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. வாசிப்பவர்கள் அவற்றை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். ஹாலில் மின்விசிறியை நிறுத்தினேன். ஆடுகிற ஜன்னல்களுக்குக் காகிதம் மடித்துச் செருகினேன். வேன் வந்து நின்றது. வயலின்கள் இறங்கின, செல்லோ இறங்கியது. கடைசியாக, வயலினுக்குப் பாட்டன் மாதிரி ஆள் உயரத்துக்கு டபுள் பேஸ் இறங்கியது. என் பக்க வாசலில் அது நுழையவில்லை. படுக்கப் போட்டுப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், அருள் கதவின் கீலைக் கழற்றியும் பார்த்தான். ஓடிப்போய் ஆச்சியிடம் கேட்டேன். என் அவசரத்தில் அவரும் யோசிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். தெருவைப் பார்த்த பெரிய கதவைத் திறந்து டபுள் பேஸை உள்ளே கொண்டுபோனோம்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். செட்டிநாட்டில் பெரிய வீடுகளின் முன்கதவு சும்மா திறக்காது. திறந்தால் கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி, ஏதோ ஒரு நல்லது. பக்கத்துச் சிங்கம்புணரிக்காரனான எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் டபுள் பேஸைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. கதவு திறந்திருக்கிறதே என்று, தெரு கூட்டுகிற அம்மா பெரிதாக ஒரு கோலம் போட்டுவிட்டார். மதுரையிலிருந்து வருகிறவர்களைப் பட்டினி போடக் கூடாது என்று நான் சொல்லியிருந்த சமையல்காரர், பின்கட்டில் அடுப்பை மூட்டி வெங்காயம் வதக்க ஆரம்பித்தார். உள்ளே வயலின்கள் சுருதி சேர்த்தன. திறந்த கதவு, கோலம், சமையல் வாசனை, வாத்தியம். இதற்கு மேல் தெருவுக்கு என்ன பத்திரிகை வேண்டும்?

சமையல்காரர் கரண்டியோடு வந்து என் காதருகே கேட்டார்:

"ஆளு கூடும் போலத் தெரியுதே. எத்தனை பந்தின்னு சொல்லிட்டீகன்னா இலை அறுத்துருவேன்."

வந்தவர்கள்

முதலில் வந்தவர் அண்ணாமலைச் செட்டியார். ஆச்சிக்குப் பங்காளி, எதிர் வரிசை வீடு. சலவை வேட்டி, தோளில் துண்டு, முகம் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தது மாதிரி. நாங்கள் முதல் பாட்டின் நடுவில் இருந்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, வயலினையும் பார்க்கவில்லை. நேராக ஆச்சியிடம் போய், "என்ன விசேஷம்? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். அந்தப் பதிவு அதோடு வீணானது. ஆச்சி பதில் சொல்வதற்குள் இன்னும் இரண்டு குடும்பம் வந்துவிட்டது. அவர்களில் ஒருவர் வாசலிலிருந்தே வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட, சிங்கப்பூரிலிருந்து உடனே பதில் வந்தது, தங்களுக்கும் சொல்லவில்லை என்று.

ஆச்சி முகம் சிறுத்துப்போனது. விசேஷமில்லை, பாட்டுப் பதிவுதான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல, எதையோ மறைப்பதாகவே அவர்களுக்குப் பட்டது. வந்தவர்களை நிற்க வைக்கக் கூடாதே என்று நாற்காலிகளைப் போட்டார். உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யப்போகிறவர்களில் ஊரில் இருக்கிற மொத்தப் பேரும் என் மைக்குகளுக்கு முன்னால் வரிசையாக இருந்தார்கள். முதல் பாட்டை ஒருவழியாக மறுபடி எடுத்து முடித்தோம். அடுத்தது கண்மாய்ப் பாட்டு. மாலையில் சர்ச்சில் ஆராதனை இருப்பதால் ஞானராஜ் வாத்தியார் வேறு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

வயலினை மட்டும் இப்போது எடுத்துவிடலாம், உறுமலைப் பிறகு அறைக்குள் வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சிவகாமியைத் தூணுக்குப் பின்னால் அழைத்துச் சொன்னேன். வீடு போனால் கூடம் போகும், கூடம் போனால் என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம்கூடக் கட்ட முடியாது என்றும் சொன்னேன். அவள் கொண்டுவந்திருந்த வெந்நீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்லிவிடுகிறேன்.

"உங்களுக்காக நான் வாயை மூடிக்கிட்டு நிக்கிறேண்ணே, அது ஒண்ணும் பெருசில்ல. ஆனா நான் உறுமலைன்னா, அந்த வயலினெல்லாம் எதைப் பாத்துப் பயப்படும்?"

துணைக்கு ஆள்

உறுமச் சொல்லிவிட்டேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கேட்டது நியாயம், அவ்வளவுதான். என் அறையில் மாதிரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம் என்றால் ஹாலில் அதுவும் இல்லை. லேப்டாப்புக்குப் பின்னால் முடிந்த மட்டும் குனிந்துகொண்டேன்.

இதில் இன்னொரு கஷ்டம் இருந்தது. டிரம்மும் கிட்டாரும் எங்கள் ஹெட்போனுக்குள்தான் இடித்துக்கொண்டிருந்தன. நாற்காலியில் இருந்தவர்களுக்கு அவை கேட்காது. அவர்களுக்குக் கேட்டதெல்லாம் வெறும் வயலினும், மின்வாரியத்து சிவகாமியும். முதலில் வயலின்கள் மெல்ல ஆரம்பித்தன. அண்ணாமலைச் செட்டியார் தொடையில் தாளம்கூடப் போட்டார். அப்புறம் சிவகாமி வாயைத் திறந்தாள். தாளம் நின்றது. ஒரு குழந்தை தாயின் மடியில் ஏறியது. அந்த உறுமல் சுவர்களைத் தொட்டுத் தொட்டு மேலே போக, அதற்கு அடியில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. கீபோர்டில் நான் எத்தனையோ தரம் வாசித்துப் பார்த்தும் வராத நடுக்கம். அவள் மூச்சு விட்ட இடத்தில் வில்களும் நின்றன. மறுபடி சேர்ந்து எழுந்தன. பயத்தோடு பயமாக எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் தலைக்குள் எழுதி வைத்திருந்த பாட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காதால் கேட்டேன்.

பாட்டு முடிந்தும் அந்தச் சத்தம் ஹாலைவிட்டுப் போக நேரமெடுத்தது. அது முழுதாக அடங்கட்டும் என்று நான் கையைத் தூக்கியபடியே இருந்தேன். யாரும் அசையவில்லை. கையை இறக்கினேன், அப்போதும் அசையவில்லை. போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு ஆச்சியைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அருகில் போய், மன்னித்துக்கொள்ளுங்கள் ஆச்சி என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"அந்தப் பிள்ளை தனியா உறுமியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன் தம்பி. கூடவே வயலினும் பயந்துக்கிட்டே வந்துச்சு பாருங்க, சரி, துணைக்கு ஆள் இருக்குன்னு உக்காந்துட்டேன்."

பேச்சு வார்த்தை

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சமையல்காரர் இலையை முன்யோசனையோடு கூடுதலாகவே அறுத்திருந்தார். சாப்பிடும்போது ஒருவரும் உறுமலைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் பங்காளிகள் அதே ஹாலில் கூடினார்கள், வெளியூர்க்காரர்கள் போனில். என்னைக் கூப்பிடும்வரை அறையில் இருக்கச் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கூடப் பாட்டுக்கு மிக்ஸிங் செய்வதாகப் பாவனை செய்துகொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டார்கள். போய் நின்றேன். அண்ணாமலைச் செட்டியார் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு நடந்தது எங்களுக்கு ரொம்ப வருத்தம்" என்றார். சத்தத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று நான் வாயெடுத்தேன். "சத்தத்தை யாரு பேசுனா? அந்தப் பிள்ளை உறுமட்டும், உறுமாமப் போகட்டும். பெரிய கதவைத் தெறந்துட்டு எதிர்த்த வீட்டுக்காரனுக்கு ஒரு சொல் சொல்லாம இருந்தீகளே, அது முறையா?" என்றார். போனிலிருந்து சிங்கப்பூரும் அதையே கேட்டது. இந்த நாள்வரை நான் பயந்ததெல்லாம் ஒன்று, இவர்கள் வருத்தப்பட்டது வேறொன்று. அதற்கப்புறம் அவர் பங்காளிகள் பக்கம் திரும்பி, முடிவை அறிவிக்கிற மாதிரி சொன்னார்:

"ஓட்டல்காரன் தெனமும் தெறப்பான், ஒரு நாளும் நமக்குச் சொல்ல மாட்டான். இந்தத் தம்பி தெறந்தது ஒரு நாளு. இனிமே சொல்லிட்டுத் தெறக்கும்."

அறை எனக்கே நிலைத்தது. ஆனால் வயிறு தேறியபாடில்லை. அடுத்த பாட்டுக்கும் டபுள் பேஸ் வர வேண்டியிருக்கிறது, அதற்குப் பெரிய கதவு திறக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சென்ற வாரம் நானும் சிவகாமியும் ஆச்சியை முன்னால் விட்டுக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கோடு அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். உலகத்தில் எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேர் இந்த இசையைச் செய்கிறார்கள் என்றாலும், வெற்றிலை பாக்கு வைத்து முறையாகச் சொல்லிவிட்டு உறுமுகிற குழு அநேகமாக நாங்கள் ஒன்றுதான் இருப்போம்.